பாயளவுப் பச்சை

நெடுமடைக் கண்மாய்க்கு ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்கு அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பதில் இருந்தது, ஆனால் எந்தப் பதிலிலும் சொன்னவர் பெயர் மட்டும் இருக்காது. மேலத்தெருவில் கேட்டால் கீழத்தெருக்காரர்கள் என்பார்கள், கீழத்தெருவில் கேட்டால் மேலத்தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த ஒருத்தி பூ அழகாயிருக்கிறதென்று பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்தாள் என்பார்கள், அவளைக் கேட்டால் வாத்து மேய்க்க வந்தவன் என்பாள், வாத்துக்காரனைக் கேட்கலாமென்றால் அவன் தன் வாத்துகளோடு எந்த ஊர் அறுப்பு வயலில் நிற்கிறானோ, ஆளைப் பிடிக்க முடியாது. யார் கொண்டுவந்தாலும் வந்தது வந்துவிட்டது. கரையோரம் கை அகலத்துக்கு நீலப்பூவோடு மிதந்த செடி, ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருவதற்குள் மடைவாயை அடைத்து, மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கு வரைக்கும் பரவி, தண்ணீர் இருக்கிற இடமே தெரியாமல் மூடிக்கொண்டது. கொக்கு கால் நனையாமல் நடந்து அக்கரைக்குப் போனது.

ஊர் சும்மா இருக்கவில்லை. கயிறு கட்டி இழுத்தார்கள், கறுப்புத் தாடி வேரோடு கரையில் மலையாகக் குவித்தார்கள், இழுத்தவன் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் இழுத்த இடம் மூடியிருந்தது. அரசாங்கத்தில் மிதவை எந்திரம் ஒன்றை அனுப்பினார்கள், அது செடியைக் கடித்துக் கடித்துக் கரையில் துப்பியது, போட்டோ எடுத்தார்கள், எந்திரம் போனது, செடி திரும்ப வந்தது. இலையைத் தின்னும் வண்டு என்று ஒரு மேடம் டப்பாவில் கொண்டுவந்து திறந்துவிட்டுப் போனார், வண்டும் பாவம் தின்னத்தான் தின்றது, அது ஒரு இலை தின்பதற்குள் செடி நாலு பிள்ளை பெற்றுப்போட்டது. கடைசியில் மருந்து அடித்துவிடலாம் என்று முடிவானபோது, மீன் குத்தகை எடுத்திருந்த சோணைமுத்து, தன் கெண்டையும் கெளுத்தியும் செத்தால் யார் பொறுப்பு என்று மடைமேல் குறுக்கே படுத்துக்கொண்டார். செடிக்காக ஒருவர் படுக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று செகப்பியின் டீக்கடையில் அன்று சாயங்காலம் பேச்சு நடந்தது. கொண்டுவந்தவனே அவன்தான், அதனால்தான் காவல் கிடக்கிறான் என்று கடையிலிருந்த எல்லாரும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் சோணைமுத்துவின் வீட்டில், மூடி போட்டு வைத்த தண்ணீர் அண்டாவிலும் மாட்டுத் தொட்டியிலும் வாளியிலும் ஆகாயத்தாமரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கண்மாயில் அதே அளவுக்குத் தண்ணீர் வெளியே தெரிந்தது. ஊர் ஆச்சரியப்படவில்லை. தன்னைக் கொண்டுவந்தவனைச் செடிக்குத் தெரியாதா, இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதுதான் அதிகம் என்றது.

சோணைமுத்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். தான் இல்லையென்றால் பின்னே யார் என்று யோசித்து, பக்கத்து வீட்டுக்காரனை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக் குடத்தில் செடி முளைத்தது. அவன் எதிர்வீட்டைப் பார்த்தான். அங்கேயும் போனது. இப்படியே அது தெருத் தெருவாக, அண்டா அண்டாவாக நடந்தது. ஒருவர் மேலிருந்த சந்தேகம் தணிந்தால் அவர் வீட்டுச் செடி திரும்பிக் கண்மாய்க்கே வந்தது, அதற்குள் வேறு வீட்டுக்கு வேறு செடி போயிருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று பெரியவர்கள் சொன்னதை மாற்றிச் சொல்லும் காலம் வந்தது, ஏனென்றால் நெடுமடையில் இப்போது ஊர் வாயைவிட உலை வாயைத்தான் கெட்டியாக மூடினார்கள். டவுனில் பாத்திரக்கடைக்காரர் மூடி மட்டும் தனியாக விற்றார். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதுதான் அந்தப் பக்கத்து மரியாதை. அந்த மரியாதை தலைகீழானது. விருந்தாளி தண்ணீர் கேட்டால் வேவு பார்க்கிறான் என்று அர்த்தம், கேட்காவிட்டால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியைத் தொடாமல், விக்குகிறது என்று எழுந்து நேரே அடுப்படிக்குப் போய்க் குடத்தைத் திறந்து பார்த்தார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே குடத்தில் தண்ணீர் வைப்பதை விட்டார்கள், செடி வந்தால் யாருக்கு வந்தது என்று தெரிய வேண்டுமே. மடியில் கனமில்லாதவன் எதற்கு மூடி வாங்குகிறான் என்று மூடி வாங்கியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மார்கழி பிறந்தது. பயிர் பால் பிடிக்கிற பருவம், ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும், நெல் வீடு வந்து சேரும். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தது, மடையைத் திறந்தால் வேர்தான் வந்தது. கடைமடை வயல்கள் வெடிக்க ஆரம்பித்தன. பஞ்சாயத்துத் தலைவர் சேவுகமூர்த்தி ஊரைச் சமுதாயக்கூடத்தில் கூட்டினார். அவர் மண்டை கொஞ்சம் வேலை செய்யும்.

"நானும் பாத்துக்கிட்டே வாறேன். ஒரு ஆளு சந்தேகப்பட்டா ஒரு பாய் அகலத்துக்குச் செடி நகருது. பத்துப் பேரு சந்தேகப்பட்டா பத்துப் பாய். நம்ம ஊரு சனம் மொத்தமும் ஆளுக்கொரு பாய் விரிச்சா எம்புட்டு வரும்? கண்மாய் அம்புட்டு வரும்" என்றார்.

கூடத்தில் ஆளாளுக்கு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"குத்தவாளி யாருன்னு செடிக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டு இருந்தோமே தலைவரே" என்றாள் செகப்பி.

"தெரியும்தான். நாம நெனைக்கிற எடத்துக்கும் போகுதுல்ல. ரெண்டும் உண்மையா இருந்துட்டுப் போகட்டும்த்தா, இப்ப வயலு காயுது. ஊரு மொத்தமும் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டா கண்மாய் மொத்தமும் அந்த ஆளு வீட்டுக்குப் போயிரும். மடை தெறந்துரும்."

யாரைச் சந்தேகப்படுவது என்பதில் அவர்களுக்குச் சிரமமே இருந்திருக்காது, ஆளுக்கொரு பட்டியல் மனதில் இருந்தது. ஆனால் சேவுகமூர்த்தி இன்னொரு கேள்வி கேட்டார். அவ்வளவு செடியும் கொள்ள வேண்டாமா? ஊரில் பெரிய கிணறு யாருக்கு இருக்கிறது?

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பெரிய கிணறு அடைக்கலத்தினுடையது. கோடையிலும் ஊற்று வற்றாத கிணறு, ஊர்க்குழாய் நின்ற சித்திரை வைகாசியில் பாதி ஊர் குடம் தூக்கிக்கொண்டு அங்கேதான் போகும். அடைக்கலம் ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு மனைவி பஞ்சவர்ணத்தோடு இருந்தார். யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது அவருக்கு. மாடு கேட்டால் மாடு, மண்வெட்டி கேட்டால் மண்வெட்டி, சாட்சிக்கு வா என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"அண்ணே, ஒங்களை யாரும் நெசமாச் சந்தேகப்படலைண்ணே. ஊருக்காகச் சும்மா ரெண்டு நாளைக்கு. வயலு நனைஞ்சதும் நாங்களே வந்து கெணத்தைத் தூர் வாரித் தாரோம்" என்றார் சேவுகமூர்த்தி.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் பஞ்சவர்ணம் இருந்தாள். அடைக்கலம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சரி தம்பி" என்றார்.

அன்று ஊர் மொத்தமும் வீட்டுக்குப் போய் அடைக்கலத்தைச் சந்தேகப்பட்டது. அதாவது, சந்தேகப்படுவதாக நினைத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு, அடைக்கலம்தான் கொண்டுவந்தார், அடைக்கலம்தான் கொண்டுவந்தார் என்று மந்திரம் மாதிரி உருப்போட்டார்கள். காலையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரே ஒரு பாய் அகலத்துக்குச் செடி மிதந்தது. கண்மாய் அப்படியே கிடந்தது. ஊர் முழுக்க முக்கிப் பிரசவித்தது இவ்வளவுதானா என்று சேவுகமூர்த்திக்கு வெறுத்துவிட்டது.

"பாவம் பாத்துக்கிட்டே சந்தேகப்பட்டா எப்படி வரும்? நெஞ்சுல இருந்து வரணும்ல" என்றாள் செகப்பி, பாலை ஆற்றிக்கொண்டே. பிறகு ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "ஆமா, அந்த மனுசன் ஏன் கேட்ட ஒடனே சரின்னாரு?" என்றாள்.

கடையில் யாரும் டீயைக் குடிக்கவில்லை. அதானே. ஊர்ச் செடி முழுக்க உன் கிணற்றுக்கு வரட்டும் என்றால் எவன் ஒப்புக்கொள்வான்? கோபப்பட வேண்டாமா, என் மேல் எப்படிச் சந்தேகம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாமா, சரி என்கிறாரே, குற்றமில்லாதவன் சொல்கிற பேச்சா அது? கடையிலிருந்து கிளம்பிய அந்தக் கேள்வி தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து அடிகுழாய்க்குப் போய், அடிகுழாயிலிருந்து களத்துக்குப் போய், போகப் போகப் பெருத்துக்கொண்டே போனது. வற்றாத கிணறு வைத்திருப்பவனுக்குக் கண்மாய் மேல் என்ன அக்கறை இருக்கும் என்று ஒருவர் கேட்டார். கண்மாய் கெட்டால் ஊர் அவன் கிணற்றடிக்குத்தானே வர வேண்டும் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். மாடு கொடுத்தது, மண்வெட்டி கொடுத்தது, கோடையில் தண்ணீர் கொடுத்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன, இதுவரை நல்ல மனசு என்று தோன்றியதெல்லாம் இப்போது வேறு மாதிரித் தோன்றியது. ஒருத்தன் ஊருக்கே நல்லவனாக இருக்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான். சாயங்காலத்துக்குள் நெடுமடையில் அடைக்கலத்தைச் சும்மா சந்தேகப்படுகிற ஆளே இல்லை, எல்லாரும் நெஞ்சிலிருந்து சந்தேகப்பட்டார்கள்.

விடிந்தபோது கண்மாய் கழுவிவிட்ட கும்பா மாதிரிக் கிடந்தது. வானம் உள்ளே தெரிந்தது. மடையைத் திறந்தார்கள், தண்ணீர் திமுதிமுவென்று வாய்க்காலில் இறங்கிக் கடைமடை வரைக்கும் ஓடியது, பெண்கள் குலவை போட்டார்கள். அடைக்கலத்தின் கிணற்றில் செடி விளிம்பு வரைக்கும் ஏறி, விளிம்பைத் தாண்டிக் களத்தில் வழிந்து, மாட்டுத் தொட்டியில் நின்று, ஊறப்போட்ட அரிசியில்கூட நீலமாகப் பூத்தது. ஒரு கண்மாய்ச் செடி ஒரு கிணற்றில் எப்படிக் கொள்ளும் என்று கேட்பவர்கள் ஊர்ப்பழி சுமந்த ஆளைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். ஒரு மனுசனுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கொள்ளும்.

வயல் நனைந்தது. கிணற்றைத் தூர் வார யாரும் வரவில்லை. கொண்டுவந்தவன் கிணற்றை ஊர் எதற்கு வார வேண்டும் என்று இப்போது அவர்களுக்கு உண்மையாகவே புரியவில்லை.

ஆனால் கண்மாயில் ஒரு மிச்சம் இருந்தது. கலுங்குக்குப் பக்கத்தில், ஒரு ஆள் படுக்கிற பாய் அகலத்துக்கு, பச்சையாக ஒரு திட்டு அப்படியே மிதந்தது. பிடுங்கினால் மறுநாள் அதே இடத்தில் அதே அளவில் நின்றது. ஆகாயத்தாமரையைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் திட்டு என்ன செய்யும் என்று தெரியும், ஒரு செடி இருந்தாலே போதும், அடுத்த மழைக்குக் கண்மாயை மூடிவிடும். ஊரில் யாரோ ஒருவர் இன்னும் அடைக்கலத்தைச் சந்தேகப்படவில்லை. அது யார் என்று கண்டுபிடிக்க சேவுகமூர்த்தியின் மண்டை தேவைப்படவில்லை. பெண்டாட்டியைத் தவிர வேறு யார்?

அடைக்கலமும் அப்படித்தான் நினைத்தார். ஊர் முகம் திருப்பிக்கொண்டபோது அவருக்கு நெஞ்சு வலித்தது, உண்மையிலேயே கையால் பிடித்துக்கொள்கிற மாதிரி வலித்தது. காலையில் கரையேறி அந்தப் பச்சையைப் பார்த்தால் வலி அடங்கிவிடும். ஊரே நம்பாவிட்டால் என்ன, வீட்டில் ஒருத்தி நம்புகிறாள், அவள் நம்பிக்கை பாய் விரித்த மாதிரித் தண்ணீர்மேல் கிடக்கிறது, எவனாலும் பிடுங்க முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து அவர் நாள் முழுக்கக் கிணற்றிலிருந்து செடி இழுத்தார், இழுத்தது மறுநாள் திரும்பி வந்தது, அதையும் இழுத்தார். பஞ்சவர்ணத்துக்கு ஒரு நாள் மல்லிகைப்பூ வாங்கிவந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பண்டிகை இல்லாத நாளில் வாங்கியது அதுதான் முதல் தடவை, அதனால் அவளுக்கு அது விசித்திரமாக இருந்தது.

ஊர்ப் பெண்கள் அவளைக் கரைக்க வந்தார்கள். செகப்பி கடையைப் பூட்டிவிட்டே வந்தாள்.

"மதினி, புருசன்னு பாக்காதீக. ஊரு பொழைக்கணும்ல. நல்லா யோசிச்சுப் பாருங்க, ஒங்களுக்குத் தெரியாம அண்ணே எங்கயும் போனதில்லையா, எதையும் கொண்டாந்ததில்லையா?"

பஞ்சவர்ணம் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாதது ஊருக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது, அடைக்கலத்துக்கு அன்பாகத் தெரிந்தது.

ஒரு மத்தியான வேளையில் இருவரும் கிணற்றடியில் நின்று, வாளி எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுச் செடியை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இழுக்க, அவள் வேரை உதறிக் குவித்தாள்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் கெணத்துல விழுந்துருப்பேன் பஞ்சவர்ணம்" என்றார் அடைக்கலம்.

"என்னத்துக்கு இப்ப அந்தப் பேச்சு?"

"கலுங்குகிட்ட ஒரு பாயளவு நிக்கிதுல்ல. அது ஒன்னோடதுதான?"

அவள் கையிலிருந்த வேரைக் கீழே போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கதை அந்தக் கிணற்றடியிலேயே சுபமாக முடிந்திருக்கும்.

"அது நான் இல்லைங்க."

"என்ன சொல்ற?"

"நீங்க சரின்னு சொன்னப்பவே எனக்கு நெஞ்சுல விழுந்துருச்சு. என் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாக்கலையே நீங்க. இம்புட்டு லேசா ஒத்துக்கிறாரே, நமக்குத் தெரியாம என்னமோ இருக்குன்னு நெனச்சேன். மொத நாளு கெணத்துல ஒரு பாயளவு கெடந்துச்சே, ஊரு அனுப்புனதுன்னா நெனச்சீக? ஊரு அன்னிக்கு வெளையாட்டுக்கு நெனச்சுச்சு. அது என்னோடதுங்க."

அடைக்கலம் கயிற்றை விட்டுவிட்டார், பாதாளக்கரண்டி கயிற்றோடு உள்ளே போனது.

"கல்யாணமான புதுசுல ஒங்க அக்கா ஊருக்குப் போயிட்டு வந்தப்ப, ஈரத்துணியில சுத்தி ஒரு செடி கொண்டாந்தீக. நீலப்பூவு. எனக்குன்னு கொண்டாந்தீக. வாடிப்போச்சுன்னு கண்மாயில போட்டுட்டு வந்தேன்னு சொன்னீக" என்றாள்.

"நானா?"

"நீங்கதேன். நீங்கதேன்னு நெனைக்கிறேன். எங்கண்ணனா இருக்குமோ என்னமோ. ராத்திரியெல்லாம் யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலை."

"அப்ப அது யாரோடது? அந்தப் பாயளவு?"

"எனக்கென்னங்க தெரியும்? ஊருல எல்லாரும் ஒங்களைத்தான் சொல்றாக. மிச்சம் யாரு இருக்கா?"

அடைக்கலம் கரைக்குப் போனார். நல்ல வெயில். போகிற வழியிலேயே ஊரிலிருந்த ஒவ்வொரு முகமாக மனதில் எடுத்துப் பார்த்தார், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள்கூட அவர் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். கலுங்குமேல் உட்கார்ந்து பச்சைத் திட்டைப் பார்த்தபோதுதான் கணக்கில் விட்டுப்போன ஆள் யார் என்று அவருக்கு விளங்கியது. அடைக்கலத்தை இன்னும் சந்தேகப்படாதவர் அடைக்கலம் ஒருவர்தான். இத்தனை நாளாக அவர் காலையில் வந்து பார்த்துத் தேற்றிக்கொண்டது தன்னுடைய நம்பிக்கையைத்தான்.

அதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர் அங்கேயே உட்கார்ந்தார். நான் கொண்டுவரவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அக்கா ஊருக்குப் போனது நினைவிருந்தது, பஸ் நினைவிருந்தது, மடியில் ஏதோ ஈரமாக இருந்ததுபோலவும் இருந்தது, அது மீனாகவும் இருக்கலாம். செடி கொண்டுவந்தது நினைவுக்கு வரவில்லை. கொண்டுவரவில்லை என்பதும் நினைவுக்கு வரவில்லை. செய்யாத ஒன்றை ஒரு மனுசன் எப்படி நினைவில் வைத்திருப்பான்? பஞ்சவர்ணம் பொய் சொல்கிறவள் இல்லை. ஊர் மொத்தமும் பைத்தியமாகிவிடவில்லை. ஏன் உடனே சரி என்று சொன்னோம் என்று அவர் முதல் தடவையாகத் தன்னையே கேட்டுக்கொண்டார். திட்டின் ஓரத்தில் ஒரு செடி கழன்று தனியே மிதந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொன்று.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஊர் வெடி போட்டது. கண்மாயில் ஒரு இலை இல்லை. பஞ்சவர்ணம் ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று சேவுகமூர்த்தி ஆளுக்கொரு மிட்டாய் கொடுக்கச் சொன்னார்.

வீட்டில் அடைக்கலம் குடிக்கிற குடத்தின் மூடியை எடுத்தார். கழுத்து வரைக்கும் செடி, நடுவில் பூ விரிந்திருந்தது. பஞ்சவர்ணம் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"எடுத்துப் போடட்டாங்க?"

"இருக்கட்டும்" என்றார் அடைக்கலம். "நாந்தேன் கொண்டாந்தேன் பஞ்சவர்ணம். அக்கா ஊருல இருந்து, ஈரத்துணியில சுத்தி. நல்லா ஞாபகம் வந்துருச்சு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த முகம். அந்த முப்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அவளிடம் பொய் சொன்னதில்லை, அதனால் அவர் பொய் சொன்னால் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இப்போது தெரிந்தது. கண் ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது, பச்சைப் பிள்ளை மாதிரி எச்சில் விழுங்கினார். அவருக்கே தான் சொன்னது பொய் என்று தெரியவில்லை, அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் வயிற்றில் அறைந்துகொண்டாள்.

"ஐயோ, நீங்க இல்லைங்க" என்றாள். "நீங்க இல்லவே இல்லைங்க."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள், வெடிச்சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வெடி ஓய்ந்து, புகை கலைந்தபோது கண்மாய்க் கரையிலிருந்து வேறு சத்தம் வந்தது. ஆட்கள் ஓடுவதும் கூப்பிடுவதுமாக இருந்தது. மடைக்கு நேர் எதிரே, சற்று முன்வரை வெறும் தண்ணீராக இருந்த இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை விரிந்து கிடந்தது.

"எவன்டா அது?" என்று சேவுகமூர்த்தி தொண்டை கிழியக் கத்தினார். "யாருடா இன்னமும் அந்தாளை நம்புறது?"

பஞ்சவர்ணத்துக்கு அது நன்றாகக் கேட்டது. அவள் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள்.